தலைமாட்டு இரும்பு

எனக்கு ஒரு குணம் உண்டு. வீட்டில் ஒரு பொருளைக் காணோமென்றால் பொருளைத் தேட மாட்டேன், எடுத்த ஆளைத் தேடுவேன். என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரைக்கும் இதற்காக என்னைப் போலீஸ்காரி என்றுதான் கூப்பிடுவார். அதனால் ஆடி மாதத்து மழையில் ஒருநாள் மத்தியானம், அரிவாளைக் காணோமென்று முணுமுணுத்தபடி பாகீரதி அக்கா உள்ளுக்கும் வெளிக்கும் நடந்தபோது, அவள் வீட்டுச் சுவரில் சாய்ந்து மடியில் முறத்தோடு பீடி சுற்றிக்கொண்டிருந்த நான் கையை நிறுத்தவில்லை. அன்றைக்கு அந்த வாசலை மிதித்தவர்களை மட்டும் ஒவ்வொருவராக மனசுக்குள் நிறுத்திப் பார்த்தேன்.

அது சும்மா கிடந்த அரிவாள் இல்லை, சுனந்தாவின் தலைமாட்டில் வைத்திருந்தது. சுனந்தா பாகீரதி அக்காவின் மகள். பம்பாயில் ஓட்டல் வேலை பார்க்கும் உமேசனுக்குக் கட்டிக்கொடுத்து, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். பெண் குழந்தை பிறந்திருந்தது. எங்கள் மங்களூர்ப் பக்கம் குடும்பம் பெண் வழியாகத்தான் இறங்கும், அதனால் பெண் பிறந்தால் யாருக்கும் முகம் வாடாது. பாகீரதி அக்கா ஊருக்கெல்லாம் அவலும் வெல்லமும் பங்கிட்டாள். பிள்ளை பெற்றவள் படுக்கிற இடத்தில் ஒரு இரும்பு இருக்க வேண்டும். அவள் கொல்லைக்குக் குளிக்கப் போனாலும் அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். பச்சை உடம்பின் வாசனைக்கு எதெல்லாம் தேடி வரும் என்று எங்களுக்குத் தெரியும். இரும்பைக் கண்டால் அது வாசலோடு நின்றுவிடும்.

"கடைசியா எங்கக்கா பாத்தே?" என்று கேட்டேன்.

"காலைல குளிக்கப் போறப்ப நான்தான் அவ கையில குடுத்தேன்."

"திரும்பி வர்றப்ப கையில இருந்துச்சா?"

"நான் எங்க பாத்தேன் ஜலஜா? அடுப்புல வெந்தயக் கஞ்சி. குலாபிதான் அவளைப் போர்த்திக் கூட்டிட்டு வந்தா."

"குலாபி" என்றேன்.

"சீ, வாயை மூடு" என்றாள் பாகீரதி அக்கா. ஆனால் நடப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

குலாபி பிள்ளை பெற்றவர்களைக் குளிப்பாட்டுகிறவள். ஆற்றுக்கு இந்தக் கரையில் அவள் கை படாத வயிறு கிடையாது. விடிந்ததும் கிழிந்த குடையும் வெற்றிலைப் பையுமாக வருவாள். கிணற்றைத் தாண்டிக் கொல்லையில் இருக்கும் குளியல் கொட்டகையில் செப்பு அண்டாவுக்கு அடியில் தேங்காய் மட்டையைத் திணித்து ஊதுவாள். மழைக்காலத்து மட்டை எரியவா செய்யும், வீடெல்லாம் புகைதான் வரும். எண்ணெயும் மஞ்சளும் தேய்த்து, கொதிக்கக் கொதிக்க அண்டாத் தண்ணீர் முழுவதையும் வயிற்றிலும் முதுகிலும் அடித்து ஊற்றி, பிறகு கம்பளியைப் போர்த்தி வேர்க்க விடுவாள். குடிக்க மட்டும் தண்ணீர் கொடுக்க மாட்டார்கள். தாகம் என்றால் சுக்குக் கஷாயம் ஒரு வாய், சோற்றுக்கு மிளகும் பூண்டும் அரைத்த சாறு. நாங்கள் எல்லோரும் அப்படித்தான் எழுந்தோம்.

சுனந்தா எழவில்லை. அவள் கல்யாணத்துக்கு முன்னால் பீடி சுற்றும்போது பேசுகிற பேச்சில் நூல் அறுந்துபோகும், அவ்வளவு வாயாடி. இப்போது சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். குழந்தையைப் பக்கத்தில் போட்டால் தன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொள்வாள். பால் கொடுக்கும் நேரத்தில் யாராவது அறையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குழந்தையைத் தொட மாட்டாள். குடித்து முடித்த நொடியில் "எடுத்துட்டுப் போங்க" என்பாள். குழந்தை தூங்கும்போதும் அவள் தூங்குவதில்லை.

"குளிருதாடி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இல்லக்கா."

"அப்புறம் எதுக்குக் கோழி முட்டை மேல உக்காந்த மாதிரி கையை அடைகாக்குறே?"

அவள் சிரிக்கவில்லை. "அக்கா, நீ போகாத. இங்கயே உக்காந்து சுத்து" என்றாள்.

பேய்க்குப் பயப்படுகிறாள் என்று நினைத்தேன். பிறகு, உமேசன் பம்பாயில் எவளையாவது சேர்த்துக்கொண்டிருப்பான், அதை மனசில் வைத்துப் புழுங்குகிறாள் என்றும் நினைத்தேன். எங்கள் ஊர் டீக்கடைக்கு அவன் போன் பண்ணினால் இவள் போய்ப் பேச மாட்டேன் என்றாள். என் சந்தேகத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

அரிவாள் போன இடத்துக்குப் பாகீரதி அக்கா பாக்குவெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். கொஞ்ச நாளில் அதுவும் போனது. அவள் மகன் சேகரன் பாக்கு மரங்களுக்கு மருந்து அடித்துவிட்டு, சட்டையெல்லாம் மயில்துத்த நீலமாகக் கஞ்சி குடிக்க வந்தவன், விஷயத்தைக் கேட்டுச் சிரித்தான்.

"இரும்புக்குப் பயப்படுற பேய்தான் இத்தனை நாள் இருந்துச்சு. இப்ப இரும்பைத் தின்னுற பேய் வந்திருக்கு போல. இனி கோடாலியைக் கொண்டாந்து வை, பல்லு உடையட்டும்."

"உனக்கு எல்லாம் விளையாட்டு" என்றாள் அம்மாக்காரி. "மேல்வீட்டு தேவகி அன்னிக்குப் பிள்ளையைப் பாக்க வந்து என்ன சொன்னா? 'எம்மா, என்ன செகப்பு, தூக்கிட்டுப் போயிரலாம் போல இருக்கே'ன்னு சொன்னா. அன்னிலேர்ந்துதான் இவ இப்படி இருக்கா."

"தேவகிக்குப் பிள்ளை இல்ல, ஆசையில சொல்லியிருப்பா."

"ஆசைதான்டா. அந்த ஆசைக்குத்தான் நான் பயப்படுறேன்."

ஊறுகாயைக் கடித்துக்கொண்டே சேகரன் தங்கையைப் பார்த்தான். அவள் முன்னால் வைத்த சோறு அப்படியே ஆறிக்கிடந்தது. "சுனந்தா, உனக்கு என்னதான் வேணும், சொல்லு" என்றான்.

"தண்ணி" என்றாள் அவள்.

"அது மட்டும் கேக்காத" என்று பாகீரதி அக்கா எழுந்து போனாள்.

அன்று மாலை நான் இலை ஊறவைக்க வீட்டுக்குப் போய்த் திரும்பியபோது முறத்தில் என் பீடிக் கத்திரியைக் காணோம். இலை நறுக்கும் கத்திரி. அது போனால் எனக்குச் சோறு போச்சு. முறத்தைக் கவிழ்த்தேன், பாயைத் தூக்கினேன், கடைசியில் பாகீரதி அக்காவையே பிடித்தேன்.

"நான்தான்டி எடுத்தேன். வீட்டுல வேற இரும்பு கையில அகப்படல, ஒரு ராத்திரிக்கு இருக்கட்டும்னு அவ தலைமாட்டுல வச்சேன். காலைல தந்துடுறேன்."

காலையில் கத்திரி இல்லை. எனக்கு ரத்தம் கொதித்தது. அடுத்த வீட்டு அரிவாள் போனால் ஆராய்ச்சி பண்ணலாம், சொந்தக் கத்திரி போனால் ஆராய்ச்சி வராது. குலாபி குளியலை முடித்து, குழந்தையையும் காலில் கிடத்திக் குளிப்பாட்டிப் புகை காட்டிவிட்டு, வெற்றிலை போட உட்காரும் நேரத்துக்காகக் காத்திருந்தேன்.

"குலாபி, உன் பை கனமா இருக்கே இன்னிக்கு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள், பிறகு பாகீரதி அக்காவைப் பார்த்தாள். பாகீரதி அக்கா அடுப்பைப் பார்த்தாள்.

"ஓ, அப்படியா சேதி" என்று குலாபி பையைத் தூக்கி அப்படியே தரையில் கொட்டினாள். வெற்றிலை, சுண்ணாம்பு டப்பி, புகையிலைத் துண்டு, ஒரு மாற்றுச் சேலை. "பாத்துக்க. சேலையை உதறிப் பாக்கணுமா, நானே உதறுறேன். இடுப்பைத் தடவிப் பாக்கணுமா, வா."

"யாரு உன்னைச் சொன்னா?" என்றாள் பாகீரதி அக்கா.

"சொல்லாம மூஞ்சியைத் திருப்பிக்கிட்டியே, அது போதும். ஏம்மா பாகீரதி, உன்னையும் நான்தான் குளிப்பாட்டினேன், இந்த சுனந்தா பொறந்தப்ப. உன் மொட்டை அரிவாளை வச்சு நான் என்ன ராஜ்ஜியம் ஆளப்போறேன்? இரும்பு எங்க போகுதுன்னு தேடுறீங்க. உன் மக எங்க போறான்னு யாராவது தேடினீங்களா?"

"என் மக வீட்டுலதான இருக்கா."

"உடம்பு இருக்கு. தலையில தண்ணி ஊத்துறப்பல்லாம் அழறா, தண்ணியோட தண்ணியாப் போயிரும்னு நினைச்சு. பிள்ளையை நான் கால்ல போட்டுக் குளிப்பாட்டுறப்ப கண்ணை இறுக்கி மூடிக்கிறா. இத்தனை பேரைக் குளிப்பாட்டியிருக்கேன். அழாதவ யாரு? ரெண்டு நாள், மூணு நாள் அழுவா, அப்புறம் பிள்ளை மூஞ்சியைப் பாத்துத் தெளிஞ்சுடுவா. இவ நாளுக்கு நாள் உள்ள போறா. நான் சொல்லணும்னுதான் இருந்தேன். திருடி சொன்னா யாரு கேப்பா?"

பையைச் சுருட்டிக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள். குடையை மறந்துவிட்டுப் போனாள். அதைக் கொண்டுபோய்க் கொடுக்க எனக்கு வாய் வரவில்லை, காலும் வரவில்லை.

மறுநாள் குளிப்பாட்டுகிற வேலை எங்கள் தலையில் விழுந்தது. அண்டாவை நிரப்ப நான் தண்ணீர் இறைத்தேன். ஆடி மாதத்துக் கிணறு விளிம்புவரை நிறைந்து கிடக்கும், குனிந்தால் கையால் அள்ளலாம் போல. அந்த வீட்டுக் கயிறோ ஊறி ஊறி நைந்து போனது. நான் இழுத்த இழுப்பில் அறுந்து செப்புக் குடம் உள்ளே போய்விட்டது.

"போச்சு. எங்க அம்மா குடுத்த குடம்" என்றாள் பாகீரதி அக்கா.

குடம் எடுக்கிற பாதாளக் கரண்டி எங்கள் பக்கத்தில் தேவகி வீட்டில்தான் உண்டு. அவளிடம் போய் நிற்க பாகீரதி அக்காவுக்கு மனசில்லை. குடத்தையும் விட மனசில்லை. கடைசியில் சேகரனை அனுப்பினாள். தேவகி கரண்டியைக் கொடுத்ததோடு நிற்காமல் அவன் பின்னாலேயே குடையைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள். பாகீரதி அக்கா ஓடிப்போய்க் குழந்தை இருந்த அறைக் கதவைச் சாத்தினாள். சுனந்தா குளியல் கொட்டகையில், எண்ணெய் தேய்த்த உடம்போடு, பழைய சேலையைச் சுற்றிக்கொண்டு மணையில் உட்கார்ந்திருந்தாள்.

சேகரன் கரண்டியை இறக்கித் துழாவினான். அது பல கொக்கிகள் சேர்ந்த இரும்பு வளையம், எதில் பட்டாலும் கவ்வும். முதலில் எதிலோ மாட்டியது. இழுத்தான். வந்தது குடம் இல்லை, கதிர் அரிவாள்.

அவன் திரும்பவும் இறக்கினான். பாக்குவெட்டி வந்தது. மூன்றாவதாக, ஒரு கொக்கியில் விரல் வளையம் மாட்டி, சொட்டச் சொட்ட என் கத்திரி வந்தது.

"இது யாரு வேலை?" என்றான் சேகரன்.

பாகீரதி அக்கா தேவகியைப் பார்த்தாள். தேவகி வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் கொட்டகையிலிருந்து சுனந்தாவின் குரல் வந்தது. கத்தவில்லை, கெஞ்சுகிற குரல்.

"அண்ணா, எடுக்காத. திரும்பப் போட்டுடு."

ஈரத்தில் வெறுங்காலோடு நடந்து வந்தாள். "நான்தான் போட்டேன். குளிக்க வர்றப்ப, குலாபி அடுப்பைக் குனிஞ்சு ஊதுவா, அப்பப் போட்டேன். நீங்க திரும்பத் திரும்பக் கொண்டாந்து வைக்கிறீங்க."

"ஏன்டி போட்டே?" என்றாள் அம்மாக்காரி. "பிள்ளைக்குக் காவலு அது."

"பிள்ளை பக்கத்துல கெடக்கு. தலைமாட்டுல அரிவா இருக்கு. நான் அதை எடுத்துப் பிள்ளை கழுத்துல..." அவள் நிறுத்தி, இரண்டு கையையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டாள். "எடுக்கலம்மா. எடுக்கவே இல்ல. ஆனா எடுத்த மாதிரி கண்ணுல வருது. ரத்தம் தெரியுது. கண்ணை மூடினாலும் தெரியுது. தூங்கினா கை எந்திரிச்சுப் போயிருமோன்னு தூங்காம இருக்கேன். பேய்க்குப் பயந்து நீங்க வைக்கிறீங்க. எனக்கு என்னைப் பாத்துத்தான் பயம்."

பல வருஷம் கழித்து, அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போகிற காலத்தில், சுனந்தா என்னிடம் சொன்னாள். சொன்ன பிறகு எங்கள் முகம் எப்படி மாறும் என்று நினைத்துத்தான் அத்தனை நாள் வாயைத் திறக்கவில்லையாம். முகம் மாறத்தான் செய்தது. பெற்ற தாயின் முகம் மாறியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதுவரை தேவகி மேலும் குலாபி மேலும் போன சந்தேகமெல்லாம் ஒன்றாகத் திரும்பி மகள் மேல் வந்து நின்றது. பாகீரதி அக்கா உள்ளே போய், குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு அடுக்களைக்குள் நுழைந்து தாழ்ப்பாள் போட்டாள்.

சுனந்தா கிணற்றடியிலேயே உட்கார்ந்தாள். "அதுதான் சரி. அப்படியே வச்சுக்கட்டும்" என்றாள். அவளைக் கொட்டகைக்குக் கூட்டிப்போய் நானே தண்ணீர் ஊற்றினேன். கூசாமல் சொல்கிறேன், ஊற்றும்போது என் கண் அவள் கை மேல்தான் இருந்தது.

சேகரன் மந்திரவாதியைக் கூப்பிடப் போகிறேன் என்று சட்டையை மாட்டினான். "சன்னி புடிச்சிருக்கு, வேற ஒண்ணுமில்ல. ரெண்டு நாளுல இறக்கிடுவார்" என்றான். நல்லவேளை, அன்று நர்ஸ் பிலோமினா பாய் ஊர்ச் சுற்றுக்கு வருகிற நாள்; கிறிஸ்தவ அக்காமாரை எங்கள் பக்கம் பாய் என்றுதான் கூப்பிடுவோம். குழந்தைக்கு ஊசி போட வந்தவள், தாழ்ப்பாள் போட்ட அடுக்களையையும் கிணற்றடியில் வரிசையாகக் கிடந்த இரும்பையும் பார்த்துவிட்டு, "என்ன, கொல்லுப்பட்டறை வச்சிட்டீங்களா?" என்றாள். யாரும் சிரிக்காததால் குடையை மடக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

விஷயத்தை நான்தான் சொன்னேன். அதற்குள் பாகீரதி அக்கா தாழ்ப்பாளை நீக்கி, குழந்தையை இறுக்கிப் பிடித்தபடி கதவருகே நின்றாள். பாய் சுனந்தாவுக்குப் பக்கத்தில் தரையில் போய் உட்கார்ந்தாள்.

"ஏன் கை மேல உக்காந்திருக்கே?"

"அது என் பேச்சைக் கேக்காதோன்னு."

"இதுவரைக்கும் கேக்காம இருந்துச்சா?"

சுனந்தா யோசித்து, இல்லையென்று தலையாட்டினாள்.

"பிள்ளையை ஏதாவது செய்யச் சொல்லி யாராவது காதுல சொல்றாங்களா? குரல் கிரல் கேக்குதா?"

"இல்ல. படமா வருது. எனக்கு வேண்டாம் பாய். எனக்கு அது வேண்டவே வேண்டாம்."

"உன்னை ஏதாவது பண்ணிக்கணும்னு தோணுதா? மறைக்காதே."

சுனந்தா கிணற்றுப் பக்கம் பார்த்தாள். "ஒருநாள், அரிவாளோட நானும் போயிட்டா பிள்ளைக்கு நல்லதுன்னு தோணுச்சு."

கதவருகே நின்ற பாகீரதி அக்கா அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். நாங்கள் எல்லோரும் காணாமல் போன இரும்பைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பாய் மெதுவாகத்தான் பேசினாள். "பாகீரதியக்கா, இது நோய். பேறுகாலத்துல வயித்துப் புண்ணு ஆற நாளாகுற மாதிரி, சில பேருக்கு மனசு புண்ணாயிடும். நீங்க சன்னின்னு சொல்லுங்க, பேர் எதுவா இருந்தா என்ன? மருந்து இருக்கு. மங்களூர்ல பெரியாஸ்பத்திரியில மனசுக்குப் பாக்குற டாக்டரம்மா இருக்காங்க. தள்ளிப்போட வேணாம், நாளைக்கே நான் கூட வர்றேன்."

"பைத்தியக்கார டாக்டரா?" என்றான் சேகரன். "உமேசன் வீட்டுல தெரிஞ்சா பிள்ளையைப் புடுங்கிட்டு இவளைத் தள்ளி வச்சிருவாங்க."

"உமேசன்கிட்ட நான் பேசுறேன். அவன் தள்ளி வைப்பான்னு நீயே ஏன் முடிவு பண்றே?"

"அவ கையில பிள்ளையை எப்படிக் குடுக்குறது பாய்?" என்றாள் பாகீரதி அக்கா. "நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆயிட்டா?"

"தனியா விடாதீங்க, ரெண்டு பேரையுமே. யாராவது கூட இருங்க. ராத்திரிப் பிள்ளையை நீங்க வச்சுக்கிட்டு அவளைத் தூங்க விடுங்க, கேட்டப்ப தண்ணி குடுங்க. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. கெடுதல் செய்ய நினைக்கிறவ அரிவாளைக் கிணத்துல போடுவாளா? எடுத்து ஒளிச்சில்ல வைப்பா? உங்க எல்லாரையும் விடப் பிள்ளைக்கு அதிகமாக் காவல் இருந்தது இவதான். தூங்காம இருந்திருக்கா."

பாய் ஊசி போட்டு, குழந்தை வீரிட்டு, ஓய்ந்து, அவள் கிளம்பிப் போனாள். போகும்போது சேகரனிடம் மந்திரவாதியை அடுத்த வாரம் கூப்பிட்டுக்கொள்ளலாம், பேருந்து நாளைக் காலையில் என்றாள்.

மழை வெறித்தது. பாகீரதி அக்கா கிணற்றடிக்குப் போய் அரிவாளை எடுத்துத் துடைத்தாள். பிறகு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அதை எடுத்துக்கொண்டு மகள் படுக்கிற அறையைப் பார்க்க நடந்தாள்.

"அக்கா, எங்க போறே?"

"தலைமாட்டுல..." என்று சொல்லவந்தவள் நடுக்கூடத்தில் நின்றுவிட்டாள். கை பழகிய வேலையை அதுவே செய்யப் போயிருக்கிறது. அவள் தன் கையையே பார்த்தாள். "வைக்காம எப்படிடி இருக்குறது?" என்றாள் என்னிடம். "வாசல்ல வந்து நிக்கிறது நின்னுக்கிட்டுத்தான இருக்கும்?"

"தெரியலக்கா. உள்ள இருக்குறவ என்ன சொன்னான்னு மட்டும்தான் எனக்குத் தெரியும்."

அரிவாளை எடுத்துக்கொண்டு திரும்பக் கொல்லைப்பக்கம் போனாள். நான் பின்னால் போகவில்லை, மாட்டுக்கொட்டகையில் செருகி வைப்பாள் என்று நினைத்தேன். வரும்போது கையில் ஒரு செம்புத் தண்ணீர் இருந்தது. மகளுக்கு முன்னால் வைத்தாள். சுனந்தா அண்ணாந்து முழுச் செம்பையும் குடித்தாள், கழுத்தெல்லாம் வழிந்தது. இன்னும் வேண்டுமா என்று பாகீரதி அக்கா கேட்டாள். வேண்டும் என்றாள்.

சாயங்காலம் பாகீரதி அக்கா குலாபியின் குடையை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, அழைக்காமல் போய் ஒட்டுக்கேட்கிற தூரமும் இல்லை. மறுநாள் விடிகாலையில் குலாபி வந்து நின்றாள். என்னைப் பார்த்ததும் வெற்றிலைப் பையை அகலத் திறந்து மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"முதல்லயே பாத்துக்க, போலீஸ்காரி. அப்புறம் வேலை நடுவுல தொந்தரவு பண்ணாத."

"போதும்டி" என்றேன்.

"போதாது. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தப்புறம் ஒரு மாசத்துக்கு என் வெத்தலை உன் செலவு."

குளிப்பாட்டி முடித்து எல்லோரும் கிளம்பினோம். குழந்தை பாகீரதி அக்கா தோளில். சுனந்தா நடுவில், ஒரு பக்கம் குலாபி, மறுபக்கம் நான். வயல்வரப்பில் சேகரன் முன்னால் போனான். தார்ச்சாலைக்கு வந்தபோது பேருந்து நிற்கிற இடத்தில் பிலோமினா பாய் காத்திருந்தாள். கூடவே சொசைட்டிக்குப் பால் ஊற்ற வந்த நாலைந்து பேர். கேனைக் கீழே வைத்துவிட்டு தேவகியும் நின்றாள்.

அவள் எங்களை ஏற இறங்கப் பார்த்தாள். முந்தின நாள் கிணற்றடியில் எல்லாவற்றையும் கேட்டவள். ஊருக்கு எவ்வளவு தூரம் சொல்லியிருக்கிறாளோ என்று எனக்குள் ஓடியது. அங்கே நின்றவர்கள் யாரும் வேறு பக்கம் பார்க்கவில்லை.

"எங்க கெளம்பிட்டீங்க?" என்று பால்காரர்களில் ஒருத்தர் கேட்டார்.

பாகீரதி அக்கா காய்ச்சல் என்பாள், தையல் பிரிக்க என்பாள் என்று நினைத்தேன். வழியெல்லாம் அப்படித்தான் பேசிக்கொண்டு வந்தோம்.

"சுனந்தாவுக்கு மனசு சரியில்ல. டாக்டரைப் பாக்கப் போறோம்" என்றாள்.

தேவகி மட்டும் கிட்டே வந்தாள். குழந்தையைப் பார்க்கவில்லை, சுனந்தாவின் கைகளைப் பார்த்தாள்.

"பாகீரதி, பிள்ளை பெத்தவ ஆத்தைத் தாண்டிப் போறா, கையில ஒரு இரும்பைக் காணோமே. மறந்துட்டியா? வேணும்னா எங்கிட்ட சாவிக்கொத்து இருக்கு, தர்றேன்."

உண்மையிலேயே இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவிக்கொண்டிருந்தாள். என் பக்கத்தில் சுனந்தாவின் உடம்பு விறைத்தது. பாகீரதி அக்கா தேவகியைப் பார்த்தாள். இத்தனை நாள் பார்த்த பார்வை இல்லை அது. தோளில் கிடந்த குழந்தையை இறக்கி, தேவகி கைகளில் வைத்தாள்.

"கொஞ்சம் புடி. பஸ்ஸுல ஏறித் திரும்ப வாங்கிக்குறேன்" என்றாள். "இரும்பை மறக்கல தேவகி. எல்லாம் கிணத்துல இருக்கு. நேத்து நான்தான் திரும்பப் போட்டேன், என் கையாலயே."

சுனந்தா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அக்குளுக்குள் இருந்த கைகளில் ஒன்றை எடுத்து, ஏறுவதற்குப் பேருந்துக் கம்பியைப் பிடித்தாள். அதுவும் இரும்புதான், அதை அப்போது யாரும் நினைக்கவில்லை.

அவள் சொன்ன அந்த 'எல்லாம்' என்பதில் என் கத்திரியும் சேர்த்தி. நான் கேட்கவில்லை. மங்களூரில் இறங்கியதும் வேறொன்று வாங்கிக்கொண்டேன்.